இருபது இடங்கள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ரூரில் என் பக்கத்து வீட்டில் இருக்கும் இர்ம்கார்ட் சொன்னது. அவள் கணவர் ஏவால்ட் ஒரு காலத்தில் கெல்டர்பெர்க் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர். முதலில் இப்படித் தொடங்கினேன்: “ஜெர்மனியின் இரண்டாம் நிலைக் கால்பந்து லீக் 1974இல் வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாக…”

வேண்டாம். இதைப் படித்து யார் அழுவார்கள்?

(ஆனால் இது இல்லாமல் கதையும் இல்லை. 1981இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட அணிகள், இடமோ இருபதுக்குத்தான். முந்தைய வருடங்களின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தார்கள்.)

2

கெல்டர்பெர்க் ஒன்பதாவதாக வந்தது. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தது. அப்படியும் மூன்றாம் நிலைக்கு இறக்கினார்கள். இருபதில் இடம் பிடித்த ஹோல்ஸ்விக், நாலு டிராம் நிறுத்தம் தள்ளியிருந்த, நீலச் சட்டை போடும் பரம எதிரி, ஏவால்டைக் கூப்பிட்டது. போகாவிட்டால் மறுபடி சுரங்கம்தான்.

சுரங்கம் எப்படிப்பட்டதென்று அவருக்குக் காட்ட அப்பா ஆகுஸ்ட் இருந்தார். நெஞ்சு முழுக்கக் கரித்தூசியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“ஒம்பதாவது வந்தவன ஏன்டா இறக்குறானுங்க?”

“பழைய வருஷக் கணக்குப்பா.”

“சரி, நீ?”

“ஹோல்ஸ்விக்ல கையெழுத்துப் போட்டுட்டேன்.”

கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் செத்தா அந்த நீலச் சட்டைக்காரன் என் பொட்டியத் தூக்க வேணாம். போ.”

[இங்கே ஏவால்ட் அப்பாவின் காலைத் தொட்டதாக எழுதியிருந்தேன். அது நம் ஊர்ப் பழக்கம். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அதன்பின் போகவேயில்லை.]

3

ஆகஸ்டில், புதிய ஒற்றை லீகில் ஹோல்ஸ்விக் ஆடிய முதல் சனிக்கிழமை, ஆகுஸ்ட் இறந்தார்.

ஒரு வரைவில் ஏவால்ட் பாதி ஆட்டத்தில் மைதானத்தைவிட்டு ஓடுகிறார். இன்னொன்றில் அவர்

இல்லை. முழு ஆட்டமும் ஆடினார். ஆட்டம் முடிந்து வந்த பிறகுதான் இர்ம்கார்ட் வீட்டு வாசலில் நின்று சொன்னாள். சவப்பெட்டியை மற்றவர்கள் தூக்கினார்கள். ஏவால்ட் பின்னால் நடந்தார்.

4

இர்ம்கார்ட் போன மாதம் சொன்னது இது. கிழவர் இறந்த அன்று மத்தியானம் ரேடியோ கேட்டாராம்.

“எந்த ஆட்டம் மாமா?”

“என் பையன் ஆடுறது.”

ரேடியோவை அவர் காதோரம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏவால்டின் பெயர் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை கிழவர் கண்ணைத் திறந்தார்; இரண்டாவது தடவை திறக்கவில்லை.

“ஏன் ஏவால்ட்கிட்ட சொல்லல?” என்றேன்.

“அப்பா மன்னிச்சிட்டாருன்னு தெரிஞ்சா, ஏன் போய்ப் பாக்கலன்னு அந்த மனுஷன் தினம் செத்துப்போவார். கோவமாவே போனாருன்னு நெனச்சா, தாங்கிக்கறார்.”

ஏவால்டுக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் இதை எழுத முடிந்தது. இப்போதும் மாலையில் வேலியோரம் நின்று, “என்ன எழுதுற?” என்று கேட்கிறார். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?