கொமீனோ மண்டியிட்ட ஞாயிறு

மீசை விழப்போகிறது. இடது பக்கம் கோந்து விட்டுவிட்டது. இன்னும் ஒரு தும்மல் போதும். விழட்டும் ஆண்டவரே, நன்றாக விழட்டும்.

எலாதியா இப்படி நினைத்துக்கொண்டிருந்தது மேடையின் முன்விளிம்பில் இருந்த குழிக்குள். தலை மட்டும் மேலே தெரியும். அதையும் கவிழ்த்த சிப்பி போன்ற ஒரு மரக்கூரை கூட்டத்திடமிருந்து மறைத்துவிடும். மடியில் புத்தகம், பக்கத்தில் சின்ன விளக்கு. பதினெட்டு வருஷமாக அங்கே உட்கார்ந்துதான் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிறாள். வாரத்துக்கு ஒரு நாடகம் மாற்றும் குழுவில் மனப்பாடம் செய்ய யாருக்கு நேரம்? அவள் ஒரு மூச்சு முன்னால் முணுமுணுப்பாள். அவர்கள் ஒரு மூச்சு பின்னால் அதையே முழங்குவார்கள். கார்தெனாஸ் துறைமுகம் முழுவதும் அவர்களுக்குக் கை தட்டும். அவள் குரல் எப்படியிருக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அன்று நடந்தது பழைய நாடகம். சொத்துக்கு ஆசைப்பட்டுத் தன் பொறுப்பில் வளரும் பெண்ணையே கட்டிக்கொள்ளப் பார்க்கும் ஒரு கிழட்டு எஜமான். அவரிடம் கொமீனோ என்றொரு வேலைக்காரன். அவர்கள் பாஷையில் அந்தப் பெயருக்குச் சீரகம் என்றுதான் அர்த்தம், ஆனால் காரம் மிளகாய்க்கு மேல். அந்தப் பெண்ணின் காதலனை வைத்தியனாக, பாதிரியாக, ஒருமுறை நாற்காலியாகக்கூட வேஷம் கட்டி வீட்டுக்குள் கொண்டுவந்து விடுவான். கிழவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து காப்பி குடிப்பார்.

கொமீனோவாக நடித்தவன் நிகானோர். அவனுக்குக் காதுக்கும் வாய்க்கும் நடுவில் வேறொன்றும் கிடையாது என்று குழுவில் சொல்வார்கள். காதில் விழுவது அப்படியே வாயில் வரும்.

மேடையில் எஜமான் மறுபடி தும்மினார், ஒட்டு மீசை தொங்கியது. எலாதியா தன்னை மறந்து முணுமுணுத்தாள். "ஐயாவோட மீசைக்கு இந்த வீட்டுல இருக்கப் புடிக்கல போல."

"ஐயாவோட மீசைக்கு இந்த வீட்டுல இருக்கப் புடிக்கல போல!" என்றான் நிகானோர், மண்டபம் அதிர.

அந்த நேரம் பார்த்து மீசையும் விழுந்தது. எலாதியா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அடுத்தது விரலிடுக்கு வழியே வந்துவிட்டது. நிகானோர் மீசையைக் கையில் எடுத்து, கண் கலங்கச் சொன்னான்: "மகராசி, நீயாவது தப்பிச்சியே!"

மேல்மாடியில் சமையல்காரிகளும் சலவைக்காரிகளும் சுருட்டுச் சுற்றுகிறவர்களும் இருந்தார்கள். ஞாயிறு பிற்பகல்தான் அவர்களுக்கு விடுமுறை. அவர்கள் சிரித்த சிரிப்பில் வறுத்த கடலைத் தோல் மழையாகக் கொட்டியது.

திரை விழுந்ததும் நிகானோர் குழிக்குள் தலையை நீட்டினான்.

"ஏய் எலா! புத்தகத்துல எங்கடி இருக்கு அந்த மீசை சமாச்சாரம்?"

"இல்ல. வாய் தவறிடுச்சு."

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் தவறட்டும் தாயே! துறைமுகத்துல கெடக்கற சக்கரை மூட்டை அத்தனையும் உன் வாய்க்குத்தான்."

தவறியது. அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும். வழக்கமாக ஒரு வாரம் ஓடும் நாடகத்தை மாற்ற விடாமல் கூட்டம் வாசலில் நின்றது.

எலாதியாவுக்கே வியப்பாக இருந்தது. புத்தகத்துக் கொமீனோ பசிக்காகப் பொய் சொல்கிறவன், அடிக்குப் பயந்து ஓடுகிறவன். தன் வாயிலிருந்து வந்த இவனோ வயிறு நிறைந்த பிறகும் பொய் சொன்னான், சொல்வதில் ஒரு சுகம் இருந்ததால். அடி விழும்போது எஜமானின் கைக்கு வலிக்கிறதா என்று விசாரித்தான். இவன் இத்தனை நாள் எங்கே இருந்தான்? விளக்குத் திரியைத் தூண்டிவிட்டபடி அவள் யோசித்தாள். பதில் தெரிந்தபோது கை நின்றது.

பதினோரு வயதில், அம்மா துணி வெளுத்த ஒரு வீட்டின் அடுப்படியில், அந்த வீட்டுச் சீமாட்டி நடப்பதுபோல அவள் நடந்து காட்டினாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திடீரென்று நிறுத்தினார்கள். சீமாட்டி வாசலில் நின்றிருந்தாள். எலாதியாவை முற்றத்தில் மண்டியிட வைத்து, என் இடத்தை மறந்துவிட்டேன், இனி வாய் திறக்க மாட்டேன் என்று சொல்ல வைத்தார்கள். ஈரக் கையோடு அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத் தணிந்த குரல் பிறகு எழவே இல்லை. அந்தத் தணிந்த குரலுக்காகத்தான் அவளுக்கு இந்த வேலையும் கிடைத்தது.

நாலாவது ஞாயிறு கடைசி ஆட்டம். அதற்கு முந்தின நாள் குழுவின் தலைவர் தோன் எவரிஸ்தோ தொப்பியால் விசிறிக்கொண்டே வந்தார்.

"தோன்யா மத்தில்தேவோட சமையக்காரி என்ன பண்ணிருக்கா தெரியுமா? அந்தம்மா மூணு தடவ கூப்பிட்டாங்களாம். இவ ஆடி அசைஞ்சு வந்து, ‘காது அப்பவே ஓடியாந்துடுச்சும்மா, கால்தான் சோம்பேறி’ன்னாளாம்!"

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"அது கொமீனோ பேசின பேச்சு. கொமீனோ யார் பேச்சப் பேசறான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

எலாதியா புத்தகத்தின் ஓரத்தைத் தடவினாள்.

"மண்டபம் அந்தம்மாவோடது. அடுத்த பருவத்துக்குச் சாவி வேணும்னா, நாளைக்கு அவன் புத்தகத்துல இருக்கற மாதிரியே மண்டி போட்டு மன்னிப்புக் கேக்கணும்ங்கறாங்க."

புத்தகத்தின் கடைசிப் பக்கம். கல்யாணம் முடிந்ததும் கொமீனோ முழங்காலில் விழுவான். ‘ஐயா, என் இடத்தை மறந்தேன். மன்னியுங்கள். இனி வாய் திறக்க மாட்டேன்.’ மூன்று ஞாயிறாக அந்தப் பக்கத்தை யாரும் தொடவில்லை. கொமீனோ எஜமானையே இழுத்து வைத்து ஆடுவதோடு திரை விழுந்துகொண்டிருந்தது.

"ஒரே ஒரு வரிதானேம்மா. நீ குடுத்தாச் சொல்லிட்டுப் போறான். குடுக்கலன்னா உனக்கும் வேல இல்ல, எனக்கும் மண்டபம் இல்ல."

பேசாதவர்கள் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொள்வது எவரிஸ்தோவின் வழக்கம். தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நிகானோரும் வந்து கேட்டான். "என்னடி, நாளைக்கு நான் மண்டி போடணுமாமே?"

"போடணுமாம்."

"போட்டாப் போச்சு. எனக்கென்ன, நீ சொல்றதுதான் நான் சொல்றது." கொய்யாப்பழப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே அவன் போய்விட்டான்.

கடைசி ஆட்டத்தன்று மேல்மாடியில் இரண்டு பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர். மேடைக்குப் பக்கத்து மாடத்தில் தோன்யா மத்தில்தே கறுப்பு விசிறியோடு வந்து அமர்ந்தார். எலாதியா தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தாள். நாற்காலி தும்மியது. கொமீனோ அதற்கு மருந்து கொடுத்தான். கிழவரின் மீசை இந்தத் தடவை கழுத்தில் கயிற்றோடு வந்தது, ஓடிப்போகாமலிருக்க.

பிறகு கல்யாணம் முடிந்தது. இசை நின்றது.

நிகானோர் முன்விளிம்புக்கு வந்து, குழிக்கு நேர் எதிரே மண்டியிட்டான். அவன் முகம் அவள் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. மாவுப் பூச்சுக்கு மேல் வியர்வை கோடு போட்டிருந்தது. மாடத்தில் விசிறியும் நின்றுவிட்டது.

எலாதியாவின் விரல் அந்த வரியின் மேல் இருந்தது. ‘ஐயா, என் இடத்தை.’ இதைப் படிக்கப் புத்தகம் எதற்கு? முப்பத்தாறு வருஷமாகத் தொண்டையிலேயே இருக்கிறது. சொல்லிவிடலாம். சொன்னால் அவன் சொல்வான். மேலே இருக்கிறவர்கள் நாளைக் காலை அடுப்பு மூட்டும்போது இந்த வரிதான் அவர்களுக்கு நினைவிருக்கும்.

அவள் புத்தகத்தை மூடினாள்.

நிகானோரின் கண்கள் விரிந்தன. ‘குடு’ என்றன உதடுகள். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காதில் ஒன்றும் விழாத கொமீனோ திகைத்தான். தொப்பியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான். சட்டைப் பையில் துழாவினான். இன்னொரு பையை வெளியே இழுத்துத் தலைகீழாக உதறினான். ஒரே ஒரு வேர்க்கடலை விழுந்து உருண்டது.

மேல்மாடியிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "தேடாதடா கொமீனோ! மன்னிப்புக் கேக்கற பேச்சு உன்கிட்ட என்னைக்குடா இருந்துச்சு?"

மண்டபம் வெடித்தது. எஜமான் கயிற்று மீசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். விசிறி தோன்யா மத்தில்தேவின் முகத்தை முழுதாக மூடியது. அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் விசிறி ஆடியது.

பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து எவரிஸ்தோ கழுத்தை நீட்டினார். "எலாதியா! வரி! அந்த வரியக் குடும்மா!"

அவள் அவர் பக்கம் திரும்பினாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், சத்தமாக. அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. மூடிய புத்தகத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, முடியாது என்று மெல்லத் தலையசைத்தாள்.