ஒட்டகத்தின் சாட்சி

"தெக்கால பக்கமா? அந்தப் பேச்சே வேணாம் ஆக்னஸ்," என்றார் அவள் கணவரின் அண்ணன் ராயப்பன். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அந்தக் கணவர், டாக்டர் செழியன், கிடந்தார். பேச்சு அவரை வைத்துக்கொண்டேதான் நடந்தது. செத்தவரைக் கேட்க வேண்டியதில்லை என்பதில் குடும்பம் ஒற்றுமையாக இருந்தது.

செழியன் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். வேங்கிக்காலில் தன்னோடு இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரி நடத்தி, நாலு வருஷத்துக்கு முன் இறந்துபோன டாக்டர் மாறனின் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும். ஆனால் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர். வடக்கே மேல்சாதிக் கிறிஸ்தவர்கள், தெற்கே மாறனைப் போன்ற தலித் கிறிஸ்தவர்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் கரையாத சாதியைச் செத்த பிறகும் பத்திரமாகக் காத்து வந்தது அந்தச் சுவர்.

பங்குக் கோயிலின் பாதுகாவல் புனிதர்களோ கோஸ்மாஸும் தமியானும். ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு முன் சிரியா பக்கம் கூலி வாங்காமல் வைத்தியம் பார்த்த சகோதரர்கள். பிழைத்தெழுந்த ஒருத்தி கெஞ்சினாள் என்று தமியான் மூன்று முட்டை வாங்கிக்கொண்டான். அண்ணன் கோஸ்மாஸுக்கு வந்ததே கோபம். "செத்தாலும் இவனை என் பக்கத்தில் புதைக்காதீர்கள்" என்றுவிட்டான். இருவரும் விசுவாசத்துக்காகத் தலை கொடுத்த அன்று சனங்கள் என்ன செய்வதென்று விழிக்க, ஒட்டகம் ஒன்று வாய் திறந்து "சேர்த்தே புதையுங்கள்" என்றதாம். செப்டம்பர் திருவிழா நாடகத்தில் அந்த ஒட்டகத்துக்கு மைக்கில் குரல் கொடுப்பவர் ராயப்பன். சொல்லிவிட்டு வருஷா வருஷம் அழவும் செய்வார்.

ஆக்னஸ் அதை நினைவுபடுத்தினாள்.

"அது நாடகம்மா. இது குடும்பம்," என்றார் அவர்.

அவள் எழுந்தாள். துக்கம் கேட்க வந்து வாசலோடு நின்றிருந்த மாறனின் மனைவி வள்ளியிடம் போனாள். "உங்க பக்கம் இடம் வேணும் வள்ளி. யாரைக் கேக்கணும்?"

"எங்களத்தான் அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காங்க. இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே. யாரு வரப்போறாங்கன்னு வுட்டுட்டாங்க."

ராயப்பன் பங்குப் பேரவையின் தீர்மான நோட்டை வரவழைத்துப் புரட்டினார். உண்மைதான், அப்படி ஒரு தடை இல்லை. இப்படியும் ஒருத்தன் கேட்பான் என்று முன்னோர்களுக்குத் தோன்றவில்லை.

"அங்க கொண்டுபோனா நாங்க யாரும் சுவரைத் தாண்ட மாட்டோம்," என்றார் அவர்.

"சரிங்க மாமா," என்றாள் ஆக்னஸ். வேன் ஓட்டும் காசிமுக்குப் போன் போட்டு, தெற்கு கேட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னாள்.

மாறனின் கல்லறைக்குப் பக்கத்தில் வெட்டிய குழியருகே சாமியார் ஜெபம் சொல்லி முடித்தார். கூடப்பிறந்தவனுக்கு மண் போடாவிட்டால் பாவம், சுவரைத் தாண்டினால் தீட்டு. இரண்டுக்கும் பங்கம் வராமல் ராயப்பன் வடக்கே நின்றபடியே ஒரு பிடி மண்ணைச் சுவருக்கு மேலாக எறிந்தார். குறி தப்பி அத்தனையும் மாறனின் கல்லறை மேல் விழுந்தது.

வள்ளி முந்தானையால் துடைக்கக் குனிந்தாள். ஆக்னஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் வள்ளி. நாலு வருஷம் லேட்டானாலும் உங்க வீட்டுக்காரருக்கு எங்க மாமா மண்ணு போட்டுட்டாரு."