இரண்டு காந்தாரி

பப்பாளிக்காயை அவித்து அரைத்து, நிறத்துக்குக் கொத்தமல்லித் தழையும் மணத்துக்குப் பூண்டும் சேர்த்து, காந்தாரி மிளகாயை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டான் வீரபாண்டி. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. பதினோரு வருடமாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் காந்தாரி சாஸ் காய்ச்சி விற்பவன், மிளகாயே இல்லாமல் ஒரு கிண்ணம் காய்ச்சியது இதுதான் முதல் தடவை. அதுவும் யாருக்கு? மகாவுக்கு.

அவன் பெண்டாட்டி மகாவை ஏமாற்ற இந்த ஊரில் ஆள் பிறக்கவில்லை. அவள் நாக்குப் படாமல் ஒரு பாட்டில் வெளியே போனதில்லை. அவித்த மரவள்ளிக் கப்பைத் துண்டை சாஸில் தொட்டு வாயில் போட்டுக் கண்ணை மூடுவாள். "மொளகா பறிச்சு மூணு நாளாச்சு" என்பாள். சரியாக மூன்று நாள்தான் ஆகியிருக்கும். ஒருமுறை இடப்பள்ளியிலிருந்து வெளிநாட்டு சாஸ் ஏழெட்டு வாங்கி வந்து இருவரும் வரிசையாக ருசி பார்த்தார்கள். மண்டையோடு படம் போட்ட ஒன்றைத் தொட்டுவிட்டு அவன் தண்ணீர்க் குடத்துக்கு ஓட, அவள் சாவகாசமாக உதட்டைத் துடைத்துக்கொண்டு, "எரிவு இருக்கு, ருசி இல்ல" என்று முடித்துவிட்டாள். காரம் என்ற சொல்லே அவள் வாயில் எப்போதோ எரிவாக மாறியிருந்தது.

அந்த நாக்கில்தான் புற்று வந்தது. முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சுக் கரண்டு வைத்தார்கள். நாலு மாதமாகக் கஞ்சிதான். அதுவும் மண்ணாக இருக்கிறது என்றாள். ருசி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், காரம் மட்டும் கூடவே கூடாது என்றார் டாக்டர். நாலு மாதம் கழித்து இன்றுதான் விற்க சாஸ் காய்ச்சியிருந்தான். இவளோ காலையிலிருந்து ஒரே பிடிவாதம்.

"பாட்டில் எடுக்க ஷிபு வந்து நிக்கப் போறான். நான் ருசி பாக்காம அனுப்பிருவீங்களோ?"

அதனால்தான் இந்தப் பப்பாளிக் கிண்ணம். வாய்ப்புண் எரியக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. நாக்கு திரும்பியிருந்தால் அவள் சும்மா விடமாட்டாள். கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, கிறுக்குப் பிடிச்சிருக்கா, மொளகா எங்க என்று கத்துவாள். அந்த ஒரு திட்டுக்காகத்தான் அவன் கிண்ணத்தை நீட்டினான்.

கப்பையை விழுங்க முடியாது. விரல் நுனியில் தொட்டு அவளே நாக்கில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். திட்டுடி, திட்டுடி என்று அவன் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

மகா "ஸ்ஸ்..." என்று இழுத்தாள். கையால் வாய்க்கு விசிறினாள்.

"எரிவு கொஞ்சம் கூடிப்போச்சுங்க. அடுத்த சட்டிக்கு ரெண்டு காந்தாரி கொறச்சுப் போடுங்க."

"நாக்குல தெரியுதா மகா?"

"பின்ன? நல்லாத் தெரியுது." சிரித்தாள். அவன் நம்பிவிட்டானா என்று பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

அவனுக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. "சரி, கொறச்சிருவோம்" என்றான்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. சுற்றுலாக்காரர்களிடம் பாட்டில் விற்கும் ஷிபுதான். "வீரண்ணா, சேச்சி ருசி நோக்கியோ?"

"நோக்கி, நோக்கி! ரெண்டு காந்தாரி கூடுதல், அவ்வளவுதான்" என்று உள்ளேயிருந்து மகாவே குரல் கொடுத்தாள். நாலு மாதத்தில் அவள் இவ்வளவு உரக்கப் பேசியதில்லை. ஷிபு சந்தோஷமாக வீரபாண்டியின் தோளில் தட்டிவிட்டுப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனான்.

அடுப்படியில் அடுத்த சட்டிக்கான மிளகாய் முறத்தில் கிடந்தது. சட்டிக்கு நாற்பது என்பது அவள் வைத்த அளவு. நாற்பதை எண்ணி எடுத்து, அதிலிருந்து இரண்டைக் குறைத்தான். அந்த இரண்டையும் முறத்தில் திரும்பப் போட மனம் வரவில்லை. வாயில் போட்டு மென்றான். காது வரைக்கும் எரிந்தது. குடம் எட்டும் தூரத்தில்தான் இருந்தது, அவன் போகவில்லை.

கதவிடுக்கில் மகா தெரிந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கிண்ணத்தில் மறுபடி விரலை விட்டு, இந்தத் தடவை நிறைய வழித்து நாக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருந்தாள்.