சில நாள் நிற்கும் சைக்கிள்

...கோளாறு பேட்டரியில் இல்லை, அதை மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று, ஆக்சிலேட்டரிலும் இல்லை, புதுசு மாற்றியாகிவிட்டது, பின்னே எங்கேதான் கரண்ட் செத்துப்போகிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு கஜபதி வீட்டு வாசலில் எலெக்ட்ரிக் சைக்கிளின் முன்னால் குந்தியிருந்தான், கை ஒயரைத் தடவிக்கொண்டிருந்ததே தவிர மனசு ஒயரில் இல்லை, அது காலையில் ஸ்டேஷன் ஓரத்து டீக்கடையிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. கிளாஸைக் கழுவிக்கொண்டே கண்ணையன் சாதாரணமாகத்தான் சொன்னான், 'இன்னாபா கஜபதி, உன் பொண்ணு சாயங்காலமான்னா கிரவுண்டுல அந்த ஓட்டம் ஓடுது, போலீஸ் செலக்‌ஷனுக்கா?' யார் பொண்ணு? என் பொண்ணா? டீ நாக்கைப் பொசுக்கியது, மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தான். ஓடுகிறாள்... நாலு படி வேகமாக ஏறினால் மூச்சு வாங்கும் பெண் ஓடுகிறாள், ஊரே பார்க்க ஓடுகிறாள், பெற்றவனைத் தவிர.

அவள் ஓடக்கூடாது என்றுதானே இந்தச் சைக்கிளே. கஜபதி பவர்லூம் தறி மெக்கானிக், தறிகளுக்கு நடுவிலேயே வளர்ந்த மகள் தேவிப்பிரியாவுக்குச் சின்ன வயதிலேயே வீசிங், பஞ்சுத் தூசு காரணமாக இருக்கலாம் என்றார்கள், மழைக்காலம் வந்தால் ஆஸ்பத்திரியில் மூக்கில் மருந்துப் புகைக் குழாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், இழுத்து இழுத்து விடும் அந்த விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விடிய விடிய அவளைத் தோளில் போட்டு நடந்தவன் அவன். ரயிலில் போய்வரும் காலேஜில் சேர்ந்ததும் முதலில் அவனுக்கு வந்த கவலை பாடத்தைப் பற்றியில்லை, வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் போனாலும் வந்தாலும் ஏற வேண்டிய அந்த ஏற்றத்தைப் பற்றித்தான். பழைய சைக்கிளை ரம்பத்தால் அறுத்து, சென்னையிலிருந்து மோட்டார் சக்கரத்தை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, பேட்டரிக்குப் பெட்டி அடித்து, தறிப்பட்டறையில் எல்லோரும் சிரிக்கச் சிரிக்க அவனே செய்த வண்டி. முதல் நாள் அவள் பெடலைத் தொடாமல் ஏற்றத்தில் ஏறிப் போனாளே, கால் இரண்டையும் அகலமாக நீட்டிக்கொண்டு, அன்றைக்கு அவன் மார்பு எப்படி விரிந்தது.

அப்புறம்தானே ஆரம்பித்தது. 'நைனா, வண்டி நின்னுட்ச்சு, லைட்டு எரியுது, மோட்டார் மட்டும் இழுக்கல', தள்ளிக்கொண்டு வந்து நிற்பாள், முகமெல்லாம் வேர்வை, அய்யோ பிள்ளை இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்ததே என்று இவனுக்குப் பதறும். ஒருநாள் நிற்கும், ரெண்டு நாள் ஒழுங்காகப் போகும், மறுபடி நிற்கும். ஸ்டாண்டு போட்டுச் சுற்றிப் பார்த்தால் சக்கரம் சும்மா பம்பரமாகச் சுற்றும். எத்தனை சாயங்காலம்... வேலை விட்டு வந்து கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, சுரண்டி, மாட்டி, தன் கைவேலை மேலேயே சந்தேகம் வந்து, பட்டறையில் ஒரு தறி நின்றால்கூட 'உன் சைக்கிள் மாதிரிதான் இதுவும்' என்று கேலி கேட்டு. இப்போதல்லவா புரிகிறது, ஓடிவிட்டு வந்த வேர்வைக்கு வண்டி மேல் பழி. அதையெல்லாம் விடு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து செல்போன் டார்ச் பிடித்தாளே, 'இப்டிக் காட்டட்டா நைனா, இப்டியா', அதை எப்படி விடுவது? இல்லாத கோளாறை அப்பன் தேடுகிறான், மகள் வெளிச்சம் காட்டுகிறாள். சிரித்திருப்பாளா உள்ளுக்குள்? இல்லை, பாவம் என்று நினைத்திருப்பாளா? எது மோசம்?

அடுப்படிக்குப் போய், பெண் ஓடுவது தெரியுமா என்று அம்சாவிடம் கேட்டபோது 'எனக்கு இன்னா தெரியும்' என்றாள், ஆனால் அரிசி களைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தில் அந்தக் கை நிற்பதன் அர்த்தம் தெரியாதா அவனுக்கு. 'உனக்குத் தெரியும்' என்றான். அம்சா தண்ணீரை வடித்தாள், 'சொன்னா நீ உட்ருப்பியா?' என்றாள், அவ்வளவுதான். ஆக, இவளும். பெண்ணின் சாக்ஸில் ஒட்டிய செம்மண்ணை அவன் கண்ணில் படாமல் துவைத்துப் போட்டது இவள்தான், ரெண்டு பேரும் சேர்ந்து, இந்த ஒரே ஒரு ஆளுக்குத் தெரியாமல், இவன் என்ன எதிரியா, போலீஸ்காரனா, மூச்சு முட்டி கிரவுண்டில் விழுந்தால் யாருக்குப் போன் வரும்? கண்ணையனுக்கா?

இன்றைக்கு வண்டியை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போயிருந்தாள், சரிபார்த்து வைக்கிறேன் என்று அவனே சொல்லியிருந்தான். ரயில் வரும் நேரம், கிரவுண்டுக்கே போய்க் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று வண்டியை எடுத்தான், தெருவில் அம்பு மாதிரி போயிற்று, போகாமல் என்ன, கோளாறு வண்டியில் இருந்தால்தானே... மலையடிவாரத்து வளைவில் இடது பக்கம் ஹேண்டில்பாரை ஒடித்தான், மோட்டார் அடங்கியது. லைட் எரிகிறது, சக்கரம் இழுக்கவில்லை. பின்னால் திருப்பதி பஸ் ஹாரனை அலறவிட்டது, தடுமாறிக் காலை ஊன்றி ஓரத்தில் ஒதுங்கினான். ஹேண்டிலை நேராக்கினால் இழுக்கிறது, இடதில் திருப்பினால் சாகிறது. நேர், இடது, நேர், இடது. ஸ்டாண்டு போட்டால் ஹேண்டில் எப்போதும் நேராக இருந்தது, அதனால்தான் ஒருநாளும் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்தான், பிரேக் பிடித்தால் மோட்டாரை அடக்குவதற்காக லீவரிலிருந்து வரும் ரெண்டு ஒயரும் ஹேண்டில் கழுத்தில் உரசி உரசித் தோல் போய், திரும்பும்போது ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டன, சில நாள் நேராக்கினாலும் ஒட்டியே நின்று வீடு சேரும் குலுக்கலில் பிரிந்திருக்கும், யாரோ பிரேக் பிடித்துவிட்டதாக வண்டி நம்பிவிடுகிறது. ஆப்பிட்டது கோளாறு! ஒரு கணம் தறி மெக்கானிக்காக மட்டும் இருந்து மகிழ்ந்தான், அடுத்த கணமே நெஞ்சு குழம்பிற்று. அப்படியானால் நின்றது நிஜமா? அவள் பொய் சொல்லவில்லையா? ஆனால் கண்ணையன் கண்ணால் பார்த்தானே... பையிலிருந்து டேப்பை எடுத்து ரெண்டு ஒயரையும் தனித்தனியாகச் சுற்றினான், சுற்றச் சுற்ற யோசனை இன்னும் சிக்கலானது.

தலையைத் தூக்கியபோது அவள் வந்துகொண்டிருந்தாள், நடந்து இல்லை, ரோட்டோரமாக, பையை முதுகில் இறுக்கிக் கட்டி, துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, ஒரே சீராக. அந்த ஓட்டத்தை அவன் பார்த்ததே இல்லை. வேறு யாரோ ஒருத்தி போல இருந்தாள், பயப்படுகிறவள் மாதிரி இல்லை. அவனைக் கண்டதும் நின்றாள்.

'நைனா... இங்க இன்னா பண்ற?'

'வண்டி நின்னுட்ச்சு.'

'நான்தான் சொன்னேன்ல?' அந்த வேகத்தில் அவளுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும், கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

'கிரவுண்டுல ஓடறியாமே.'

இடுப்பில் முடிந்த துப்பட்டாவை அவிழ்த்துக்கொண்டே 'ஆங்' என்றாள். கேட்காமலே பிறகு சொன்னாள், 'மொதல்ல வண்டி நெசமாத்தான் நின்னுச்சு நைனா. லேட்டாவுதேன்னு தள்ளிக்கினே ஓடுனேன். ஒண்ணும் ஆவல எனக்கு. அப்பால... நிக்காத நாள்லயும் ஓடணும்போல இருந்துச்சு.'

'நிக்காத நாளும் நின்னுச்சுன்ன.'

'ஆங்.'

'எந்தெந்த நாளு?'

'ஞாபகம் இல்ல நைனா.'

ஞாபகம் இல்லையாம். அவனுக்கு இருந்தது, ஒவ்வொரு சாயங்காலமும் இருந்தது, ஆனால் அதில் எதற்காக அழுவது, எதை விட்டுவிடுவது என்று இனி யார் பிரித்துக் கொடுப்பார்கள்? ஒரேயடியாகப் பொய் என்றால் ஒரேயடியாகக் கோபித்துக்கொள்ளலாம். அறைய வேண்டும் போலிருந்தது, மூச்சு வலிக்கிறதா என்று கேட்க வேண்டும் போலவும் இருந்தது, ரெண்டையும் செய்யவில்லை.

அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள், 'ஆப்ட்டுச்சா? எங்க இருக்குதுன்னு?'

டேப் சுற்றிய இடத்தை அவன் உள்ளங்கை மூடியிருந்தது. 'இல்ல' என்றான், 'இன்னும் ஆப்புடல.'

சரி என்று அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டாள், அவன் ஹேண்டிலைப் பிடித்தான், நன்றாக ஓடக்கூடிய வண்டியை ரெண்டு பேருமாக ஏற்றத்தில் தள்ளினார்கள். ஏன் அப்படிச் சொன்னேன்? அவளுக்காகவா, எனக்காகவா... கோபம் இன்னும் அதே இடத்தில் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அந்தச் சொல் யோசிக்காமல், தடுக்காமல், எவ்வளவு லேசாக வாயிலிருந்து விழுந்துவிட்டது, முதல் தடவை சொன்ன அன்றைக்கு அவளுக்கும் இப்படித்தான் விழுந்திருக்குமோ என்று நினைத்தபடி கஜபதி தள்ளிக்கொண்டே போனான்.