வலப்பக்கத்து அடிகள்

எவந்தியா சவப்பெட்டிக்குள் கையை விட்டு, அப்பாவின் விரல்களுக்கு அடியிலிருந்து அந்தப் புத்தகத்தை மெல்ல உருவினாள்.

"என்னடி பண்றே?" காபித் தட்டோடு அத்தை மரிகோ வாசலில் நின்றாள். "அது அவனோடயே போகட்டும்னு இப்பத்தானே வெச்சேன்."

"தாத்தா போனப்ப அப்பா இதைப் பார்த்துத்தானே பாடினாரு? அவருக்கும் இதைப் பாடித்தான் அனுப்பணும்."

"யாரு பாடுவா? இந்த ஊர்ல இதைப் படிக்கத் தெரிஞ்சவன் இன்னும் ஒருத்தன்தான். அவன் கை இதுல படக்கூடாதுன்னு உங்கப்பன் எத்தனை தடவை சொல்லியிருக்கான்!"

எவந்தியா கறுப்புச் சால்வையை எடுத்துக்கொண்டாள்.

எதிரே துருக்கிக் கரையில் ஸ்மிர்னா நகரம் எரிந்தபோது தாத்தா கோட்டுக்குள் மறைத்து இந்தக் கிரேக்கத் தீவுக்குக் கொண்டுவந்த கையெழுத்துப் பிரதி அது. வழிபாட்டு வரிகளுக்கு மேலே சிவப்பும் கறுப்புமாக, எறும்பு ஊர்ந்த தடம் போல, ராகக் குறிகள். கோயிலில் வலப்பக்கப் பாடகர் மேடை அப்பா அனெஸ்டிஸுடையது. இடப்பக்கம், துறைமுகத்தில் காபிக்கடை வைத்திருக்கும் ஸ்ட்ராட்டிஸுடையது. அவர் ஓர் அடி பாட, இவர் மறு அடி பாடுவார். ஒருமுறை ஸ்ட்ராட்டிஸ் புத்தகத்தை இரவல் வாங்கிப்போய், ஒரு பக்கத்தில் காபிக் கோப்பையின் வட்டக் கறையோடு திருப்பித் தந்தார். அன்றோடு பேச்சு நின்றது. ஞாயிறுதோறும் எதிரெதிரே நின்று பாட்டில் மட்டும் பதில் சொல்லிக்கொண்டார்கள்.

காபிக்கடையின் கதவு பாதி சாத்தியிருந்தது. கறுப்பு டை கட்டிய ஸ்ட்ராட்டிஸ் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க இதைப் பார்த்துப் பாடணும்."

அவர் கையைத் துடைத்தார். புத்தகத்தை வாங்கவில்லை.

"கறை இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"இருக்கும். என் காபி அப்படி." அவர் சிரிக்கவில்லை. "என் அடிங்க எனக்கு மனப்பாடம்மா. அவன் அடிங்க அதுக்குள்ளதான் இருக்கு. தொடாதேன்னுட்டான். உயிரோட இருந்தா மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கலாம். இனிமே யார்கிட்ட கேக்கறது?"

"இருந்தப்போ கேட்டீங்களா மாமா?"

ஸ்ட்ராட்டிஸ் மறுபடி குழாயைத் திறந்தார். அவள் திரும்பி நடந்தாள்.

கோயில் நடுவில் பெட்டி திறந்தே இருந்தது. இடப்பக்க மேடையில் ஸ்ட்ராட்டிஸ் நின்றார். எதிர் மேடை காலி. எவந்தியா எழுந்து போய், அங்கே புத்தகத்தை விரித்து வைத்துப் பக்கத்தில் நின்றாள்.

"பொம்பளைக்கு அங்க என்ன வேலை?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பாதிரியார் தூபக்கலசத்தை ஆட்டிவிட்டு நிமிர்ந்தார். பாட்டு எழவில்லை.

முதல் அடி வலப்பக்கத்துக்கு உரியது. ஸ்ட்ராட்டிஸ் பழக்கதோஷத்தில் கண்ணை மூடி, தலை குனிந்து, எதிர்ப்பக்கம் தொடங்கட்டும் என்று காத்திருந்தார். அது கோயில் முழுவதற்கும் புரிந்தது. அவருக்குத்தான் கடைசியில் புரிந்தது.

கண் திறந்தார். முழங்கால் வலியோடு மேடையை விட்டு இறங்கினார். பெட்டியருகே நின்று சிலுவை போட்டுக்கொண்டு, தேய்ந்த செருப்பு கிறீச்சிட, அவளிடம் வந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். புத்தகத்தின் மேல் குனிந்தார். மூக்குக்கண்ணாடி நழுவியது, கை முன்னால் வரவில்லை. எவந்தியா அதை மேலே தள்ளிவிட்டாள்.

பாடினார். அப்பா இழுக்கும் இடத்தில் இழுத்து, அப்பா நிறுத்தும் இடத்தில் நிறுத்தினார்.

அடி முடிந்ததும் நகர்ந்தார். அடுத்தது இடப்பக்கத்து அடி. பெட்டியைத் தாண்டித் தன் மேடைக்கு நொண்டிப் போய், அங்கிருந்து பாடினார். பிறகு திரும்பி வந்தார்.

"இப்படிப் போய்ப் போய் வந்தா என்னிக்கு மண்ணு போடறது?" என்றாள் அத்தை மரிகோ. ஆனால் அவர் அடுத்த முறை வருவதற்குள், வழியிலிருந்த தன் நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவர் எதிரே பாடிக்கொண்டிருக்கும்போதே எவந்தியா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். நடுவில் அந்தப் பழுப்பு வட்டம் இருந்தது. உள்ளங்கையால் மறைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

எதிர்ப்பக்கம் பாட்டு ஓய்ந்தது. செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. பெட்டியருகே வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. அவள் பக்கத்தை விரலால் பிடித்தபடி காத்திருந்தாள்.