நீலக் கட்டம் போட்ட சாரன் துண்டு

கைம்பெண்ணாக வீட்டோடு இருந்த இத்தாக் காலம் முடிந்த மறுநாளே ஸுல்பிகா தம்பி அஸ்ஜத்திடம் சொல்லிவிட்டாள். புருஷன் முஹ்ஸின் விழுந்து இறந்த பள்ளத்தை அவள் பார்க்க வேண்டும். அஸ்ஜத் காரணம் மேல் காரணமாகச் சொல்லிப் பார்த்தான். கடைசியில் முஹ்ஸினின் வேனிலேயே அவளை ஏற்றிக்கொண்டு கற்பிட்டியிலிருந்து புறப்பட்டான்.

வெள்ளைக்காரர் தங்கிப் பயணம் போவதற்காக, படுக்கையும் அடுப்பும் வைத்து முஹ்ஸின் தன் கையாலேயே செய்த வேன் அது. இப்போது அஸ்ஜத்தான் ஓட்டுகிறான். குதிரைமலைப் பக்கம், வனவிலங்குப் பூங்காவின் கடற்கரையோரத்தில் இருக்கும் அந்தப் பள்ளம் மழை அறுத்த செம்மண் சுவர்களும் புல் முளைக்காத தரையுமாகப் பாலைவனம் போலக் கிடக்கும். மாரி ஓய்ந்த கையோடு, ஒரு காலையில், வெள்ளைக்காரரைக் கூட்டிப்போக நடைபாதை பார்க்க மைத்துனன் அஸ்ஜத்தோடு போன முஹ்ஸின் விளிம்பு இடிந்து விழுந்தான்.

உதவிக்கு, மீன்பிடிக்காரர் தங்கும் வாடிக்கு ஓடினேன், ஆட்களோடு திரும்பி வரப் பின்னேரமாகிவிட்டது, அதற்குள் மச்சான் மௌத்தாகிவிட்டார். இதுதான் அஸ்ஜத் சொன்னது.

ஊர் நம்பியது. ஸுல்பிகாவும் நம்பினாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த பையைத் திறக்கும்வரை. சட்டையோடு நீலக் கட்டம் போட்ட சாரன் துண்டொன்று, முடிச்சு அவிழாமல், தலையளவு வளையமாகக் கிடந்தது. பெருநாளைக்கு உடுக்க அவள் அஸ்ஜத்துக்கு எடுத்துக் கொடுத்த சாரனில் கிழித்தது. உயிர் பிரிந்த உடனே, வாய் பிளந்து விறைத்துப்போகாமல் தாடையைச் சேர்த்து உச்சியில் போடும் கட்டு. உம்மாவுக்கு அவளே கட்டியிருக்கிறாள். பின்னேரம் வந்தவன் இதைக் கட்டிப் பயனில்லை. தாடை இறுகியிருக்கும்.

அப்படியென்றால் அவன் பக்கத்தில் இருந்திருக்கிறான். இருந்து என்ன செய்தான்?

பள்ளத்துக்குள் இறங்கும்போது அவனை முன்னால் விட்டு, பிடரியைப் பார்த்தபடியே நடந்தாள்.

"வெள்ளைக்காரி கூட இந்த எறக்கத்தில குந்திக் குந்தித்தான் வருவா. நீங்க ஆடு மாதிரி வாறீங்க, ராத்தா."

"வழி தெரிஞ்ச நீ ஏன் மாடு மாதிரி நிண்டு நிண்டு போற?"

அவன் சிரித்தான். சிரிப்பு சரியில்லை என்று பட்டது.

"மீன்வாடி எங்க?"

"அந்தா, அந்த வளைவுக்கு அங்கால."

"ஓடினா எவ்வளவு நேரம்?"

அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். "வெயிலப் பொறுத்து."

அடிக்கு வந்ததும் அவள் பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினாள். "இதக் கட்டினது யாரு? நீ வாடிக்கு ஓடின நேரம் கட்டினதா? என்ன செஞ்ச அவர? வேனுக்காகவா?"

"ராத்தா! அல்லாஹ்வுக்காக அப்படிச் சொல்லாதீங்க." அவன் மண்ணில் குந்திவிட்டான். "ஓடத்தான் பாத்தன். மச்சான் கையப் புடிச்சிக்கிட்டு விடல்ல. தனிய விட்டுட்டுப் போகாதடா எண்டாரு. இருந்திட்டன். எல்லாம் முடிஞ்ச பொறகுதான் ஓடினன். ஏன் முந்தியே போகல்ல எண்டு நீங்க கேப்பீங்களே... அந்தப் பயத்தில சொன்ன கதை."

அவள் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கடைசியா என்ன சொன்னாரு?"

"உங்கட பேரத்தான். ஸுல்பிகா, ஸுல்பிகா எண்டு."

நிக்காஹ் முடிந்த நாள் தொட்டு முஹ்ஸின் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இஞ்ச பாருங்க" என்பான், அவ்வளவுதான்.

"பொய்," என்றாள்.

அஸ்ஜத் செம்மண்ணைக் கையால் அளைந்தான். "தண்ணி கேட்டாரு," என்றான். "தண்ணி மேல, வேனுக்குள்ள கெடந்திச்சு. குடுக்கல்ல."

இதை அவள் நம்பினாள். மனதுக்கு இதமான ஒன்றைக் கட்டிச் சொல்ல அவனுக்கு வரும். இப்படியொன்றைக் கட்டிச் சொல்ல வராது. ஓடியிருந்தால் பிழைத்திருப்பாரா என்ற கேள்வி நாக்கு வரை வந்தது. அதை விட்டு வேறொன்று கேட்டாள்.

"எந்த இடத்தில கெடந்தாரு?"

அவன் காட்டினான். அவள் போய் அங்கே உட்கார்ந்தாள்.

"நீ எந்தப் பக்கம் இருந்த?" என்றாள்.