தொட்டியை மீறிய புதினா

தையல்காரி காலையிலிருந்தே வாசலுக்கும் பின்பக்கத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வாடகை வீட்டைப் பார்க்க வீட்டுக்காரர் வருகிறார். பின்பக்கம் அவருடைய ரோஜாப் பாத்தி முழுக்கப் புதினா மண்டிக் கிடக்கிறது.

வீட்டுக்காரர் லேசுப்பட்ட ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் ஆணி அடித்ததற்காக முன்பு குடியிருந்தவனை மூட்டை கட்ட வைத்த மகராசன். சாவியைக் கொடுக்கும்போதே, "தோட்டத்து மண்ணுல கை வைக்கக் கூடாது. ரோஜா என் சம்சாரம் வச்சது" என்று கறாராகச் சொல்லியிருந்தார். அந்த அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது.

தையல்காரி மண்ணில் கை வைக்கவே இல்லை. சமையலுக்குப் போக மிஞ்சிய புதினாத் தண்டைத் தொட்டியில்தான் குத்தி வைத்தாள். தொட்டியைக் கல்மேல் வைக்காமல் வெறும் மண்ணில் வைத்ததுதான் வினை. அடி ஓட்டை வழியாக வேர் நைசாக நழுவிப் பாத்திக்குள் போய்விட்டது. அதோடாவது விட்டதா? "இதுக்குப் போயி பயப்படுறியே!" என்று புருஷன்காரர் மண்வெட்டியை எடுத்து வெளுத்து வாங்கினார். வெட்டின துண்டெல்லாம் தனித்தனியாகத் துளிர்த்தன. அதற்குப் பிறகு அவள் பிடுங்காத நாளில்லை, அது முளைக்காத நாளுமில்லை.

வீடு போனால் பிழைப்பும் போகும். வாசல் அறையில்தான் தையல் மிஷின். இந்தத் தெருவில் இப்போதுதான் நாலு பேர் நம்பித் துணி கொடுக்கிறார்கள். இன்னோர் இடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்க அவளுக்குத் தெம்பில்லை.

இருவரும் குனிந்து பிடுங்கினார்கள்.

"மெதுவாங்க! ரோஜாவும் சேர்ந்து வந்துடப் போவுது."

"மெதுவா பிடுங்கினா அவரு வந்துடுவாரு!"

பிடுங்கியதை வாளியில் திணித்து, மேலே ஈரத்துணியைப் போட்டு மூடினாள். வாசனையை எதைப் போட்டு மூடுவது? அது வீடு முழுக்கப் பரவிவிட்டது. கேட் கிறீச்சிட்டது.

வீட்டுக்காரர் நேரே பின்பக்கம் வந்து மூக்கை உறிஞ்சினார். "என்ன, புதினா வாசனை தூக்குது?"

"பக்கத்து வீட்டுல சமையல் சார்" என்றார் புருஷன், கூசாமல்.

ரோஜாவின் காலடியில் விட்டுப்போன ஒரு கொழுந்து வீட்டுக்காரரைப் பார்த்து நின்றது. அவரும் அதைப் பார்த்துவிட்டார். அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"பொய்ங்க சார். நான்தான் வச்சேன்." தொட்டி, ஓட்டை, மண்வெட்டி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

வீட்டுக்காரர் மண்ணில் மண்டியிட்டு ஒவ்வொரு ரோஜாச் செடியையும் அசைத்துப் பார்த்தார். எந்தச் செடியும் ஆட்டம் காணவில்லை. எழுந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"மண்ணைப் பாழாக்கிட்டு, நைசா காலி பண்ணிட்டுப் போயிடலாம்னு பாக்குறீங்களா? நடக்காது! என் பாத்தியில இருக்குற கடைசி வேரை எடுக்குற வரைக்கும் இந்த வீட்டை விட்டு ஒரு அடி நகரக் கூடாது!"

"அது எப்படி சார், வெட்ட வெட்ட..." என்று ஆரம்பித்த புருஷனின் காலை அவள் நறுக்கென்று மிதித்தாள்.

"சரிங்க சார். கடைசி வேர் வரைக்கும் நானே எடுத்துடுறேன்."

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்ட, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கடைசி வேராம்ங்க!"